பயணப்படி எனக்கு, பயணம் முழு வீட்டுக்கும்

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற எந்தக் கொம்பனியிலும் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். விமான ரிக்கெற், ஹொட்டேல், விசாக் கட்டணம், ராக்ஸி, ஒரு நாள் சாப்பாட்டுக்கு இத்தனை யூரோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஹொட்டேலிலேயே காலைச் சாப்பாடு கிடைக்கிறது என்றால் அந்தக் காசைக் கழிப்பதற்கும் ஒரு கட்டம் வைத்திருப்பார்கள். அவ்வளவு கவனம். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

பிள்ளை வைத்திருக்கிற ஒருவரை வேலைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கொம்பனி ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து ஒரு வீட்டையே வேலை வாங்குகிறது. இதுதான் என் அபிப்பிராயம். ரிக்கெற் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. "வெளிநாடு போகக் கிடைக்குது, அதுக்கும் முறைப்பாடோ?" என்று கேட்கப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு என் வேலை பிடிக்கும். பயணமும் பிடிக்கும். தனியே ஒரு அறையில், யாரும் கதவைத் தட்டாமல், ஒரு தேத்தண்ணியைச் சூடு ஆறமுதல் குடித்து முடிக்கிற சுகம் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற தாய்மாருக்குத்தான் விளங்கும். அதை மறைக்கப்போவதில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமை.

நான் ஆடை ஏற்றுமதித் துறையில் இருக்கிறேன். எங்களிடம் வாங்குகிறவர்கள் ஜேர்மனியில். திங்கள் காலை ஒன்பது மணிக்கு மீற்றிங் என்றால் ஞாயிறு பின்னேரமாவது அங்கே போய் இறங்கவேண்டும். வளைகுடா வழியாகப் போகிற விமானங்கள் பல கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து விடியப்புறம்தான் வெளிக்கிடும். அதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய் நிற்கவேண்டும். ஆக, கொழும்பு வெள்ளவத்தையில் நான் பெட்டியோடு லிஃப்ற்றில் இறங்குவது சனி இரவு. 2013இல் திறந்த அதிவேகப் பாதையால் கட்டுநாயக்க இப்போது கிட்டத்தான், இருந்தாலும் சனி இரவு போனது போனதுதான். கொம்பனியின் கணக்கில் பயணம் திங்கட்கிழமை தொடங்குகிறது.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று இலங்கையில் 1954 முதல் இருக்கிறது. கிழமைக்கு 45 மணித்தியால வேலை, ஒன்றரை நாள் விடுமுறை என்பது அதில் உள்ளது. அதை எழுதியவர்கள், ஞாயிறு முழுக்க ஆகாயத்தில் இருந்துவிட்டுத் திங்கள் காலை சிரித்த முகத்தோடு துணிச் சாம்பிள் விரிக்கிற ஒருத்தியைக் கற்பனை பண்ணியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு ஞாயிறு இப்படி. காலையில் மகளுக்கு அறநெறி வகுப்பு. இவர் மீன் வாங்க மார்க்கெற் போவார். பாரை என்று சொல்லி அனுப்பினால் நண்டோடு வருவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் ஒரே நேரத்தில் நித்திரை கொள்ளக் கிடைக்கிற நாள் அது ஒன்றுதான். எழும்பி, காய்ந்த வெள்ளைச் சீருடைகளை இஸ்திரி போட்டு, சப்பாத்துக்கு வெள்ளை அடித்து, மரீன் டிரைவ் பக்கம் ஒரு நடை. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இந்த நாளைத் தூக்கிவிட்டால் வெள்ளி வரைக்கும் வீடு எதையோ தேடிக்கொண்டே இருக்கும்: ஒற்றைச் சொக்ஸ், கையெழுத்து வைக்காத கொப்பி, பள்ளிக்கூட ரை. திரும்பி வரும்போதும் இதே கதை. வெள்ளி இரவு அங்கே ஏறினால் சனி பின்னேரம் இங்கே. உடம்பு எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமல் ஞாயிறு போகும். திங்கள் எட்டரைக்கு ஒஃபிஸில் "ட்ரிப் எப்படி?" என்று கேட்பார்கள்.

இரண்டாவது, என் அம்மா.

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். வேன் இரண்டே கால் போலக் கொண்டுவந்து இறக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு பெரிய ஆள் வேண்டும். வழக்கமான நாட்களில் மேல் மாடியில் இருக்கிற அன்ரி ஒருவர் பார்த்துக்கொள்வார். ஒரு கிழமை முழுக்க அவரைக் கேட்க முடியாது. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா இரவு பஸ்ஸில் வருவார். முழங்கால் நோவோடு, இரவு முழுக்கக் காலை நீட்ட முடியாமல் இருந்து வருவார். கையில் முருங்கைக்காய், ஒடியல் மா, வீட்டில் இடிச்ச மிளகாய்த்தூள். வந்து இறங்கியதும் முதல் கேள்வி, "பிள்ளை மெலிஞ்சு போனாள், நீ என்னத்தைக் குடுக்கிறனி?"

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. வேன் அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. இன்றைக்குச் சுணங்கும் என்று அவர் போன் எடுத்துச் சொன்னால் அம்மா "ஓம் ஓம்" என்று வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பார். சுணங்கி வந்து இறங்குகிற பிள்ளைதான் மொழிபெயர்க்கும்: "அம்மம்மா, லேட் ஆகும் எண்டு அங்கிள் சொன்னவர் எல்லோ?" செக்கியூரிட்டி ஐயாவோடும் லிஃப்ற் திருத்த வருகிறவரோடும் இதே பாடுதான்.

அம்மா இங்கே வந்தால் ஊரில் அம்மாவின் கோழிகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்க்கவேண்டும். யோசித்துப் பாருங்கள், ஜேர்மன்காரர் அடுத்த கோடைக்குப் போடப்போகிற ரீ ஷேர்ட்டின் நிறத்தை முடிவு செய்வதற்காக யாழ்ப்பாணத்தில் ஒரு அக்கா கோழிக்குத் தவிடு குழைக்கிறா. அந்த எக்செல் ஷீட்டில் இவ எங்கே வருவா?

அம்மா வரமுடியாத நேரம் இவர் லீவு போடுவார். அதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் கசுவல் லீவு. என் கொம்பனியின் பயணத்துக்கு இவருடைய கொம்பனி தன்னுடைய கசுவல் லீவைக் கொடுக்கிறது. இரண்டு கொம்பனிகளுக்கும் இது தெரியாது. இவருடைய மனேஜர், "வைஃப் இல்லையா வீட்டில?" என்று கேட்பார். இதே நாட்டில் தனியார் துறைத் தகப்பனுக்குப் பிள்ளை பிறந்தால்கூடச் சட்டப்படி ஒரு நாள் லீவு கிடையாது. அரசாங்க உத்தியோகத்தருக்கு 3 நாள். அப்படியிருக்க மனைவி பயணம் போனதற்கு லீவு கேட்டால் மனேஜர் சிரிக்காமல் என்ன செய்வார்.

இனிக் காய்ச்சல்.

கொழும்பில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தென்மேல் பருவமழை தொடங்கினால் டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 180,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு என்று பதிவானார்கள். அதற்குப் பிறகு இங்கே காய்ச்சலை யாரும் வெறும் காய்ச்சல் என்று எடுப்பதில்லை. பனடோல் மட்டும், புரூஃபன் கூடாது, தண்ணி குடுத்துக்கொண்டே இருக்க வேணும், மூன்றாம் நாள் எஃப்.பி.சி. என்கிற இரத்தப் பரிசோதனை. படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் இது பாடம்.

போன மழைக்காலத்தில் நான் அங்கே நிற்கும்போது மகளுக்கு 102 பாகை. அம்மா போனில், "குறைஞ்சிட்டுது, நீ உன்ர வேலையைப் பார் பிள்ளை" என்றார். குறையவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மூன்றாம் நாள் இவர் லாப்புக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்து, பின்னேரம் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டார். இங்கே இரவு ஏழு, அங்கே பின்னேரம் மூன்றரை. எனக்கு முன்னால் பத்து விதமான நீல நிறத் துணித் துண்டுகள். மேசைக்குக் கீழே போனை வைத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி பிளேட்லெட் எத்தனை என்று தேடினேன். 210,000. நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது நீலம் நல்லது என்றேன். அந்த நீலம்தான் இப்போது அங்கே கடைகளில் தொங்கும்.

அது டெங்கு இல்லை, வைரஸ் காய்ச்சல், இரண்டு நாளில் மாறிவிட்டது. நான் இதைச் சொல்வது பரிதாபத்துக்காக இல்லை. ஷெங்கன் விசா எடுக்கும்போது பயணம் போகிறவருக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கவேண்டும் என்பது விதி. கொம்பனி ஒரு சத்தமும் போடாமல் கட்டுகிறது. நான் அங்கே தடுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் யோசித்திருக்கிறார்கள். இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் விமானத்தில் என்னைத் திருப்பி எடுக்க ரிக்கெற்றை மாற்றலாமா, அந்தக் காசு யாருடையது என்று கேட்டேன். "அப்பிடி ஒரு பொலிசி இல்லை" என்று பதில் வந்தது.

வீடியோ கோல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மகள் நெற்றியை மட்டும் காட்டுவாள், பிறகு கூரையைக் காட்டுவாள், பிறகு போனைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அம்மா காதைக் காட்டுவார். "இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது?" "ஒண்டுமில்லை." வீட்டில் இருந்தாலும் அதே கேள்விக்கு அதே பதில்தான். கதை வருவது லைற்றை நிப்பாட்டிய பிறகு. இருட்டில், நித்திரைக்கு முதல் பத்து நிமிடத்தில், யார் யாரோடு கோபம், எந்த ரீச்சர் என்ன சொன்னா, தன் பென்சிலை யார் எடுத்தது என்று எல்லாம் வரும். இங்கே அந்த நேரம் எட்டரை. ஜேர்மனியில் ஐந்து மணி, மீற்றிங் முடியாத நேரம். குளிர்காலத்தில் நாலு மணி. போட்டி, கலைவிழா எல்லாம் கலண்டரில் இருக்கும். முன்கூட்டியே சொன்னால் பயணத்தை மாற்றலாம். இந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கலண்டரில் போட்டு மாற்றச் சொல்வது?

பயணப்படியில் மிச்சம் பிடிக்கலாமே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், எல்லாரும் பிடிக்கிறோம். பெட்டிக்குள் நூடில்ஸும் ரின்மீனும் வைத்துக்கொண்டு போகாத இலங்கையர் யார்? 2022இல் ரூபா விழுந்து, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில், பயணம் போனவர்கள் பால்மாவும் பனடோலும் காவிக்கொண்டு வந்தார்கள். ஆனால் நான் அங்கே பசியோடு இருந்து மிச்சம் பிடித்த காசில்தான் அம்மாவின் பஸ் ரிக்கெற்றும் கடைச் சாப்பாட்டுப் பார்சலும் போகிறது என்றால், அந்தப் பயணத்துக்குக் காசு கட்டுவது யார்?

கட்டுநாயக்கவில் வந்து இறங்கினால் டியூட்டி ஃப்ரீயில் வோஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் அடுக்கி வைத்திருப்பார்கள். வேறு நாட்டு விமான நிலையங்களில் வாசனைத் திரவியம் விற்கிற இடத்தில் நம் நாட்டில் ஃபிரிட்ஜ். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்துவிட்டு வருகிற பெண்களுக்காக அது. அவர்களோடு பார்த்தால் என் ஒரு கிழமை ஒன்றுமே இல்லை, தெரியும். அவர்கள் போவது இரண்டு வருட ஒப்பந்தத்தில். பெண் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகமுடியாது என்று 2013இல் அரசாங்கம் கொண்டுவந்தது. பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று உத்தியோகத்தர் வந்து விசாரித்து எழுதவேண்டும். தகப்பன் போனால் அந்த அறிக்கை தேவையில்லை. பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள். அநியாயமான விதி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏழைப் பெண்ணைத் தடுப்பதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. ஆனால் லப்டொப்போடு போகிற எங்களிடம் உதவி செய்வதற்காகக்கூட யாரும் அதைக் கேட்பதில்லை. எங்கள் வீடுகளில் எப்படியும் ஒரு ஆள் இருக்கும் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது கொஞ்சம்தான். பயணத்தை இரண்டு கிழமைக்கு முன்னராவது சொல்லுங்கள், வியாழன் சொல்லிச் சனி அனுப்பாதீர்கள். முதல் மீற்றிங்கைச் செவ்வாய்க்கு வையுங்கள். வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. திங்கள்தான் வேண்டுமென்றால் எடுத்த ஞாயிறைத் திருப்பித் தாருங்கள். வீட்டில் ஆள் வைக்கிற செலவுக்கு பில் காட்டினால் கட்டுங்கள், ராக்ஸிக்குக் கட்டுகிறீர்கள்தானே.

"இப்படியெல்லாம் கேட்டால் பொம்பிளையளை அனுப்பாமலே விட்டிடுவாங்கள்" என்று என் சிநேகிதி எச்சரித்தாள். பெண்கள் மட்டும் கேட்கிற ஒஃபிஸில் அவள் சொல்வது நடக்கும். அதனால் எங்கள் குழுவில் இருக்கிற ஒரு தம்பியிடம் கதைத்தேன். அவருக்கு நடக்கத் தொடங்கிய இரட்டைப் பிள்ளைகள். என்னைவிடக் கூடுதலாகப் பயணம் போகிறவர்.

"எங்கட வீட்டில ஆக்கள் இருக்கினம் அக்கா, பிரச்சினை இல்லை" என்றார்.

"யார் ஆக்கள்?"

"வைஃப்."

"அவ வேலைக்குப் போறவ எல்லே?"

"நோபே போடுவா."

அதை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மனைவி இத்தனை நாள் நோபே, அதில் இழந்த சம்பளம் இவ்வளவு என்று, பயணச் செலவோடு சேர்த்து. நான் எழுதினால் எச்.ஆருக்கு அது ஒரு தாயின் முறைப்பாடு. அவர் எழுதினால் அது ஒரு செலவு. இது அநியாயம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வருகிற மாதம் டாக்காவுக்குப் போகிறார், ஞாயிறு ஃபிளைற்.