தன் முகத்தை வரைவது தற்பெருமையா?

கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், ஓவியர் முகாமில் தங்கிவிட்டு வந்து தன் முகத்தையே பெரிய கேன்வாஸில் வரைந்திருக்கிறார். 'அங்கே வரைய மலை, மரம் எதுவும் கிடைக்கலையா, கண்ணாடி பார்க்கத்தான் போனாரா' என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சில் துளியும் உடன்பாடில்லை.

அவர் பிழைப்பு கடை போர்டும் சுவர் விளம்பரமும். தலைவர்கள், நடிகர்கள், இறந்துபோனவர்களின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்துப் பெரிதாக வரைந்த முகங்கள் என்று எத்தனையோ வரைந்திருக்கிறார், எல்லாமே யாரோ கேட்டு, யாரோ காசு கொடுத்து வரைந்தவை. ஃபிளெக்ஸ் வந்ததும் அதுவும் குறைந்துபோனது. இன்னதை வரை என்று யாரும் சொல்லாத நாட்கள் முகாமில்தான் அவருக்குக் கிடைத்திருக்கின்றன, அந்த நேரத்தில் ஒரு மனுஷன் தன்னையே உட்கார்ந்து பார்த்தால் அதற்குப் பெயர் தற்பெருமையா? படத்தில் அவர் தன்னை அழகாக்கிக்கொள்ளவே இல்லை. சாரத்தில் நின்று வெயிலில் கறுத்த நெற்றி அப்படியே இருக்கிறது, கண்ணுக்குக் கீழே பச்சையும் பழுப்பும் கலந்த சோர்வு, ஒரு பக்கத் தாடையை முடிக்காமலே விட்டிருக்கிறார். அந்த முடிக்காத இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

டச்சு ஓவியர் வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் ஊரில் ஒரு மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓவியர்கள் கூடித் தங்கி வேலை செய்யும் இடமாக்க ஆசைப்பட்டார். பிரெஞ்சு ஓவியர் பால் காகின் அங்கே வந்து சேரும் முன்பே இருவரும் தங்கள் சுய ஓவியங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். வான்கோ தன்னை ஒட்ட வெட்டிய முடியோடு, புத்தரை வணங்கும் ஜப்பானியத் துறவியாக, வெளிர் பச்சைப் பின்னணியில் வரைந்து அனுப்பினார். கூடித் தங்கப் போகிறவனிடம் 'நான் இப்படிப்பட்டவன்' என்று சொல்ல ஓவியனுக்கு இதைவிட நேர்மையான வழி உண்டா, சொல்லுங்கள்.

நம்ம பக்கம் வரைந்தவர் முகம் யாருக்கும் தெரிந்ததில்லை. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடி பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களை வரைந்தவர் யாரோ, ஊர் ஊராக நடுகல் செதுக்கியவர் யாரோ. அண்ணனும் இத்தனை காலம் சுவர் மூலையில் பொடி எழுத்தில் பெயர் போட்டதோடு சரி.

சென்னை பக்கத்தில் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூட ஹாலையாவது இங்கே இருக்கும் ஓவியர்களுக்குத் திறந்துவிடலாமே.

அப்புறம் அண்ணா, யாரோ சொன்னார்கள் என்று முகத்துக்குப் பின்னாடி ஒகேனக்கல் அருவியைச் சேர்த்துவிடாதீர்கள். படம் இப்படியே இருக்கட்டும்.