கேப்டனுக்கும் டைரக்டருக்கும் நடுவுல 18 வருஷம்

பழைய பிளேயரை அதே காலேஜ் ஸ்டாஃபா எடுத்தா "செல்லப்பிள்ளைக்கு வேலை போட்டுக் குடுத்துட்டாங்க"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும், "ஆடுனவங்களுக்குத்தான் விளையாட்டு தெரியும்"னு இன்னொரு கோஷ்டி கெளம்பும். ஒரு காலேஜ்ல பிளேயரா இருந்து, 2020ல அங்கயே அத்லெடிக் டைரக்டரா, அதாவது காலேஜோட மொத்த விளையாட்டுக்கும் பொறுப்பாளரா ஆன கேண்டிஸ் ஸ்டோரி லீ விஷயத்துல ரெண்டு பேருமே நடுவுல கெடக்குற வருஷங்களப் பாக்கலன்னுதான் நான் சொல்லுவேன்.

அமெரிக்கால நாஷ்வில் ஊர்ல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி. அங்க பெண்கள் பேஸ்கட்பால் டீமுக்கு கேப்டனா இருந்தவங்க இவங்க. 2000ல டிகிரி, 2002ல மாஸ்டர்ஸ், 2012ல டாக்டரேட், மூணும் அங்கயே. ஆட்டம் முடிஞ்சதும் அதே டிபார்ட்மென்ட்ல இன்டர்ன், அப்புறம் பிளேயர்ஸோட படிப்பப் பாத்துக்குற வேலை, அப்புறம் கம்ப்ளையன்ஸ், அதாவது ரூல்ஸ் மீறாமப் பாத்துக்குற வேலை.

இந்த கம்ப்ளையன்ஸ் இருக்கே, அதான் மேட்டரே. அமெரிக்க காலேஜ் விளையாட்ட நடத்துற என்சிஏஏ அமைப்போட ரூல்ஸ் புக் தலகாணி சைஸ் இருக்கும். பிளேயருக்கு ஆடத் தகுதி இருக்கா, மார்க் போதுமா, ஸ்காலர்ஷிப் கணக்கு இடிக்குதா, ஸ்கூல் பசங்கள கோச் எப்ப போய்ப் பாக்கலாம் எப்ப பாக்கக் கூடாது, எந்தப் பணக்கார ரசிகராவது பிளேயருக்கு ஏதாவது வாங்கிக் குடுத்துட்டாரான்னு எல்லாத்தையும் பாக்கணும், ஒழுங்கா பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது, ஒண்ணு தவறுனா மட்டும் பேப்பர்ல வரும். அதுலயும் 2003ல யுனிவர்சிட்டி தலைவரான சான்சலர் கோர்டன் ஜீ தனி அத்லெடிக்ஸ் டிபார்ட்மென்ட்டே வேணாம்னு மாணவர் விவகாரத்தோட சேத்துட்டார். அந்தக் காலத்துலதான் விளையாட்டப் பாத்துக்கிட்ட டேவிட் வில்லியம்ஸுக்குக் கீழ வேலை பாத்து லீ படிப்படியா உயர்ந்தாங்க. வாண்டர்பில்ட் ஆடுற எஸ்ஈசி கான்ஃபரன்ஸ்ல (காலேஜ் டீம்கள் சேந்த ஒரு லீக்) முதல் கறுப்பின அத்லெடிக் டைரக்டர் வில்லியம்ஸ்தான்.

2019ல அந்த டைரக்டர் சீட்டுக்கு வெளிய இருந்து ஆள் கொண்டு வந்தாங்க, மால்கம் டர்னர், அமெரிக்க புரொஃபஷனல் பேஸ்கட்பால் லீக்கான என்பிஏவோட ரெண்டாம் கட்ட லீக், ஜி லீக், அதுக்கு பிரசிடென்ட்டா இருந்தவர். ஒரே வருஷத்துல கெளம்பிட்டார். 2020 பிப்ரவரில லீய தற்காலிகமா உக்கார வச்சாங்க, அடுத்த மாசமே கொரோனா, மே மாசம் நிரந்தரம் பண்ணாங்க. வாண்டர்பில்ட்டுக்கு முதல் பெண் டைரக்டர், எஸ்ஈசிலயே அந்த சீட்ல முதல் கறுப்பினப் பெண். எஸ்ஈசி பேஸ்கட்பால்ல முதல் கறுப்பின பிளேயரா பெர்ரி வாலஸ் வசவு வாங்கிக்கிட்டே ஆடுனதும் இதே காலேஜுக்குத்தான், 1960கள் கடைசில.

சரி, உக்காந்து என்ன பண்ணாங்க? ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) டீம் அந்த வருஷம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல, கோச் டெரக் மேசன தூக்குனாங்க. பதிலுக்கு வந்தது கிளார்க் லீ (சொந்தக்காரர் இல்லப்பா, அவர் ஸ்பெல்லிங் வேற), அவரும் வாண்டர்பில்ட்ல ஆடுனவர்தான். 2021ல 12 மேட்ச்ல 2 ஜெயிச்சார், 2023ல திரும்பவும் அதே 2. வேற காலேஜா இருந்தா ரசிகர்களே பெட்டி கட்டி அனுப்பியிருப்பாங்க, கேண்டிஸ் லீ அவர அனுப்பல. 2024 அக்டோபர் 5, நம்பர் 1 அலபாமாவ 40-35ன்னு சாச்சாங்க, பசங்க கோல்போஸ்ட்டப் புடுங்கி ஊர்வலமா தூக்கிட்டுப் போய் கம்பர்லேண்ட் ஆத்துல போட்டாங்க, ரசிகர்கள் கிரவுண்டுல எறங்குனதுக்கு காலேஜுக்கு 1 லட்சம் டாலர் ஃபைன். 2025ல 10 ஜெயிச்சாங்க, அந்த டீம் சரித்திரத்துலயே அதுக்கு முன்ன அப்படி நடந்ததில்ல.

டியேகோ பவியான்னு ஒரு குவாட்டர்பேக் (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற பிளேயர்) வந்து மாட்டுனதுதான் காரணம்னு சொல்லுவீங்க, பாதி ஒத்துக்குறேன். ஆனா பொறுமைங்கிற பேர்ல எல்லாரையும் வச்சிக்கிட்டு இருந்தாங்கன்னும் சொல்ல முடியாது, 2024ல பேஸ்கட்பால் கோச் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ, அவ்ளோ பெரிய என்பிஏ பேரு, 9-23ன்னு சீசன் முடிஞ்சதும் அனுப்பிட்டாங்க. யாருக்கு டைம் குடுக்கணும் யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு பிரிச்சுப் பாக்குறது கிரவுண்டுல ஆடுனதுல மட்டும் வர்றதில்ல, அந்தக் கட்டடத்துல வருஷக்கணக்கா எல்லாரோட ஃபைலையும் புரட்டுனதுல வர்றது.

2025 ஜூலைல இருந்து காலேஜே பிளேயர்ஸுக்கு நேரடியா காசு குடுக்கலாம், முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு 2 கோடி டாலருக்கு மேல லிமிட். உடனே "இனிமே பிசினஸ் ஆளுங்கதான் டைரக்டரா வரணும்"னு பேச்சு. காசு வந்தா ரூல்ஸ் குறையுமா கூடுமா, நீங்களே சொல்லுங்க.