பாட் சம்மிட் ஏன் ஆம்பளைங்க டீமுக்குப் போகல

போன வாரம் சித்தி பையன்கிட்ட பாட் சம்மிட் பத்தி பேசிட்டு இருந்தேன். அமெரிக்காவுல டென்னசி யூனிவர்சிட்டி பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீமுக்கு 38 சீசன் ஹெட் கோச்சா இருந்தவங்க, 1098 மேட்ச் ஜெயிச்சவங்க, 8 தடவ நேஷனல் சாம்பியன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அவன் கடைசில, "அவ்ளோ பெரிய கோச்சுன்னா ஏன்க்கா ஆம்பளைங்க டீமுக்குப் போகல?"ன்னான். தப்பா ஒண்ணும் கேக்கல, உண்மையிலேயே தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். ஆனா அன்னைக்கு நைட்டு எனக்கு தூக்கம் வரல, அதான் இங்க எழுதறேன்.

கூப்பிட்டாங்க. அதே டென்னசி யூனிவர்சிட்டி ஆண்கள் டீம் வேலைக்கு ரெண்டு தடவ, 1994லயும் 2001லயும், அவங்க பேர் வந்துச்சு. ரெண்டு தடவையும் அவங்களே வேணாம்னுட்டாங்க. ஆண்கள் டீமுக்கு போறத ஏன் ஒரு படி மேல போறதா நெனைக்கறீங்கங்கறதுதான் அவங்க திருப்பிக் கேட்ட கேள்வி. இந்தப் பதில் எவ்ளோ கனமானதுன்னு புரியணும்னா அவங்க எங்க ஆரம்பிச்சாங்கன்னு தெரியணும்.

பிறந்தது 1952. டென்னசில பால் பண்ணை வச்சிருந்த குடும்பம். மூணு அண்ணனுங்க, ஒரு தங்கச்சி. வைக்கோல் அடுக்குற பரண்ல அண்ணனுங்களோட மோதி மோதிதான் பாஸ்கெட்பால் கத்துக்கிட்டாங்க. ஹைஸ்கூல் போற வயசு வந்தப்ப அந்த ஊர் ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு டீமே இல்ல. அவங்கப்பா என்ன பண்ணாருன்னா, குடும்பத்தையே ஹென்ரியட்டாங்கற ஊருக்கு மாத்திட்டாரு, பொண்ணு ஆடணும்னு. ரொம்ப கண்டிப்பான மனுஷன், பாராட்டிப் பேசவே வராது, ஆனா வீட்டையே மாத்துனாரு பாருங்க.

அங்கயும் அவங்க ஆடுனது முழு ஆட்டம் கெடையாது. அப்ப டென்னசி ஸ்கூல்கள்ல பொண்ணுங்களுக்குன்னு தனி ரூல், ஒரு டீமுக்கு ஆறு பேரு, மூணு பேரு ஒரு பாதிலயே நின்னு தடுக்கணும், மூணு பேரு இன்னொரு பாதில நின்னு ஷூட் பண்ணணும், நடுக்கோட்ட தாண்டவே கூடாது. பொண்ணுங்க உடம்பு முழு கோர்ட்டும் ஓடத் தாங்காதுன்னு நெனப்பு. தடுக்கற எடத்துல நிக்கறவ நாலு வருஷம் ஆடிட்டு ஒரு மேட்ச்ல கூட கூடையப் பாத்து பந்து போடாம ஸ்கூல் முடிச்சுட்டுப் போயிடுவா. யோசிச்சுப் பாருங்க. அத மாத்தணும்னு வெளிப்படையா குரல் குடுத்தவங்கள்ல பாட் சம்மிட்டும் ஒருத்தங்க. 1979லதான் மாறுச்சு.

கோச் ஆனது 1974, வயசு 22. அசிஸ்டென்ட்டா சேரத்தான் வந்தாங்க, இருந்த ஹெட் கோச் லீவுல போயிட்டதால முழு பொறுப்பும் இவங்க தலைல வந்துச்சு. மாசம் 250 டாலர். கூடவே மாஸ்டர்ஸ் படிப்பு, ஒலிம்பிக்ஸ் டீமுக்கு முட்டி அடிபட்ட காலோட ட்ரெய்னிங். டீம்ல சில பொண்ணுங்களுக்கு இவங்கள விட ஒரு வயசுதான் கம்மி. வேன் ஓட்டறது இவங்க, ஜெர்சி தொவைக்கறது இவங்க, அந்த ஜெர்சியும் டோனட் வித்த காசுல வாங்குனது. ஒரு வெளியூர் மேட்ச்சுக்கு முந்துன நாள் ராத்திரி எதிர் டீமோட ஜிம்லயே பாய் விரிச்சு படுத்திருக்காங்க எல்லாரும். மொத மேட்ச் மெர்சர் யூனிவர்சிட்டி கூட, 84-83, ஒரு பாயிண்ட்ல தோல்வி.

நான் ஸ்கூல் டீம்ல ஆடுனவ. பசங்க ஆடி முடிச்சு கெளம்புனப்பறம் இருட்டற நேரத்துலதான் எங்களுக்கு கோர்ட் கெடைக்கும், நெட் கிழிஞ்ச கூடை எங்களுக்கு. அதனால அந்த டோனட் ஜெர்சி கதைய நான் சும்மா படிச்சுட்டு கடந்து போக முடியல.

1976ல மான்ட்ரியல். ஒலிம்பிக்ஸ்ல பொண்ணுங்க பாஸ்கெட்பாலே அந்த வருஷம்தான் மொத தடவ. டீம் கேப்டன்கள்ல ஒருத்தங்களா போயி வெள்ளி வாங்குனாங்க. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல அதே அமெரிக்க டீமுக்கு கோச், தங்கம். ஆனா காலேஜ் சாம்பியன்ஷிப் சீக்கிரம் வரல, 1987 வரைக்கும், அதாவது 13 சீசன் காத்திருந்தாங்க. இப்ப எந்த யூனிவர்சிட்டி ஒரு கோச்சுக்கு 13 சீசன் குடுக்கும் சொல்லுங்க.

அவங்க பார்வை ரொம்ப பேமஸ். கோர்ட் ஓரத்துல நின்னு ஒரு முறை முறைச்சா பொண்ணுங்க உறைஞ்சு போயிடுவாங்க. எனக்கு அத விட பெருசா படறது கிளாஸ் ரூல்தான். எந்த கிளாஸா இருந்தாலும் மொத மூணு வரிசைலதான் உக்காரணும், கட் அடிச்சா மேட்ச் கெடையாது, ஸ்டாரா இருந்தாலும் சரி. டென்னசில முழு காலமும் ஆடி முடிச்ச அத்தன பொண்ணுங்களும் டிகிரி வாங்குனாங்க, 38 வருஷத்துல ஒருத்தி கூட விடுபடல. கண்டிப்புன்னு சொல்லிட்டு பிள்ளைங்கள அவமானப்படுத்தற கோச்சுங்கள நான் பாத்திருக்கேன், அவங்க எல்லாம் பாட்டோட முறைப்ப மட்டும் காப்பி அடிக்கறாங்க, அந்த மூணு வரிசைய காப்பி அடிக்க மாட்டேங்கறாங்க.

எல்லாரும் 1997-98 டீமத்தான் கொண்டாடுவாங்க, சமீக்கா ஹோல்ட்ஸ்க்ளா, தமீக்கா கேச்சிங்ஸ், செமீக்கா ராண்டல், 39 மேட்ச் 39 வெற்றி. ஒத்துக்கறேன், அது மாதிரி டீம் அபூர்வம். ஆனா கோச்சிங்னா என்னன்னு பாக்கணும்னா அதுக்கு முந்துன வருஷத்த பாருங்க. 10 மேட்ச் தோத்த டீம் அது! அவ்ளோ தோத்துட்டு மார்ச் மாசம் டோர்னமெண்ட்ல எல்லாரையும் சாய்ச்சு கப் அடிச்சாங்க. சீசன் நடுவுல அந்த டீம எல்லாரும் கைகழுவியாச்சு, பாட் கைகழுவல.

இன்னொரு கதை, இத யார்கிட்ட சொன்னாலும் வாயப் பொளப்பாங்க. 1990 செப்டம்பர், நெறமாச கர்ப்பம். மிஷெல் மார்சினியாக்னு ஒரு பொண்ண டீமுக்கு கூப்பிட பென்சில்வேனியாவுக்கு சின்ன பிளேன்ல போறாங்க. அந்த பொண்ணு வீட்டு ஹால்ல உக்காந்து பேசிட்டு இருக்கும்போதே வலி வந்துடுச்சு. திரும்பி வர்ற வழில வர்ஜீனியாவுல எறக்கிடலாமான்னு பேச்சு வந்தப்ப முடியவே முடியாதுன்னுட்டாங்க, அந்த வருஷம்தான் வர்ஜீனியா டீம் இவங்கள தோக்கடிச்சு சொந்த ஊர் நாக்ஸ்வில்ல நடக்க இருந்த பைனல் ஃபோர்க்கு, அதாவது கடைசி நாலு டீம் மோதற கட்டத்துக்கு, போக விடாம பண்ணியிருந்துச்சு. என் பையன் டென்னசிலதான் பிறப்பான்னு தாங்கிட்டு வந்து பெத்தாங்க. பையன் பேரு டைலர். மார்சினியாக் அப்ப வேற யூனிவர்சிட்டில சேந்தா, அப்பறம் மாறி இங்கயே வந்தா, 1996 சாம்பியன்ஷிப்ல பைனல் ஃபோரோட சிறந்த பிளேயர் அவதான்.

இப்ப அந்த கேள்விக்கு வர்றேன். 1994ல அவங்க ஆண்கள் டீமுக்கு போயிருந்தா பேப்பர் எல்லாம் பாராட்டியிருக்கும், ஆம்பளைங்கள கோச் பண்ற பொம்பளைன்னு. ஆனா பின்னாடி விட்டுட்டு வர்ற பொண்ணுங்களுக்கு என்ன சேதி போகும்? உங்க ஆட்டம் பழகறதுக்கு, அவங்க ஆட்டம்தான் நெசம்னு. இருந்த எடத்துலயே இருந்து அந்த எடத்த ஒசத்துனாங்க. டோனட் வித்த டீமுக்கு இருபதாயிரம் பேர் உக்கார்ற அரங்கம் வீடா இருந்துச்சு, 2005ல அந்த கோர்ட்டுக்கே அவங்க பேர வச்சாங்க, 250 டாலர்ல ஆரம்பிச்ச வேலைக்கு 2006ல பத்து லட்சம் டாலருக்கு மேல சம்பளம், பொண்ணுங்க பாஸ்கெட்பால் கோச்சுல மொத ஆளு. 2009ல ஆயிரமாவது வெற்றி, ஆண்கள் பெண்கள் ரெண்டு பக்கமும் சேத்து டிவிஷன் ஒண்ணுல, அதாவது காலேஜ் ஆட்டத்தோட மேல்மட்டத்துல, அத தொட்ட மொத கோச். இதுக்கு மேல எங்க போறது தம்பி?

2011ல வந்துச்சு அந்த செய்தி. வயசு 59, சீக்கிரமே வர்ற அல்சைமர். எங்க வீட்ல பெரியம்மாவ இதே நோய்ல பாத்தவ நான், அடுப்புல பால வச்சதே மறந்து நிப்பாங்க, அதனால ஒரு மேட்ச் நடுவுல எத்தன டைம் அவுட் இருக்கு, யாருக்கு எத்தன பவுல்னு மனசுல வச்சுக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும். அவங்க ஒளிச்சு வைக்கல, ஊருக்கே சொன்னாங்க, சொல்லிட்டு இன்னொரு சீசன் பெஞ்ச்ல உக்காந்தாங்க. பக்கத்துல அசிஸ்டென்ட் ஹாலி வார்லிக் நெறைய வேலைய கையில எடுத்துக்கிட்டாங்க. அந்த கடைசி சீசன்லயும் 27 வெற்றி. அந்த சீசன முடிச்சு வச்சது பெய்லர் யூனிவர்சிட்டி டீம், அப்ப அதோட கோச் கிம் மல்கி. 1984 ஒலிம்பிக்ஸ் தங்க டீம்ல பாட் கீழ ஆடுன பொண்ணு.

2016 ஜூன்ல போயிட்டாங்க, 64தான் வயசு. எனக்கு நெஞ்சுல நிக்கறது அதுக்கு முன்னாடி, 2012 ஏப்ரல்ல அவங்க பதவிய விட்ட அந்த நாள். ஹாலி வார்லிக் எழுபதுகள்ல பாட்டோட டீம்லயே ஆடுனவங்க, அப்பறம் 27 வருஷம் அசிஸ்டென்ட். எல்லார் முன்னாடியும் பாட் ஒரு விசில எடுத்து ஹாலி கைல குடுத்தாங்க. ஹாலி அழுதுட்டாங்க.