மண்ணில் பிடித்தவனுக்கு மேட் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்த அந்தக் கபடி நேரலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இன்று காலையிலிருந்து நாலு பேர் அதே வீடியோத் துண்டை வெட்டி அனுப்பிவிட்டார்கள். "தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து கோச்சுங்க எல்லாம் மண்ணுல சொல்லிக் கொடுத்தவங்க. ப்ரோ லெவல் மேட்டுக்கு செட் ஆகமாட்டாங்க. பெரிய பிளேயரா இருந்த ஒருத்தரைக் கொண்டாந்து ஹெட் கோச்சா உக்கார வெச்சா முடிஞ்சுது." மேட் என்றால் ப்ரோ கபடி லீக் ஆட்டங்களுக்கு விரிக்கிற செயற்கை விரிப்பு. சொன்னவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் ஒருவரின் எண்ணமாக இருந்தால் விட்டிருப்பேன். புது தலைமைக் கோச் யார் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இதே எண்ணம்தான் வெவ்வேறு வாயில் வருகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கோச்சை எடுப்பதற்கு முன் அவர் வேலை செய்வதைக் கண்ணால் பாருங்கள். எத்தனை மெடல், எந்த விருது, எத்தனை ரைடு பாயின்ட் (எதிரணிப் பக்கம் பாடிப் போய் எடுத்தது) என்பதெல்லாம் அவர் பிளேயராக இருந்தபோது செய்த வேலை. இப்போது கொடுக்கப் போவது வேறு வேலை.

ப்ரோ கபடியில் நம் தமிழ் தலைவாஸ் அணியின் கதை எல்லோருக்கும் தெரியும். 2017-ல் வந்த அணி. கோச்சாக வந்தவர்கள் வரிசையாக கே. பாஸ்கரன், அடுத்து இ. பாஸ்கரன், உதயகுமார், அஷன் குமார், திரும்ப உதயகுமாரோடு சேரலாதன், பிறகு சஞ்சீவ் பாலியான். இதில் இரண்டு முறை சீசன் நடுவிலேயே ஆள் மாறியது. முதல் இரண்டு சீசனும் பிரிவில் கடைசி இடம். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மன்ஜீத் சில்லார் என்று பெரிய பிளேயர்கள் எல்லோரும் ஒரே அணியில் இருந்தும் 12 அணிகளில் 12-வது. இந்தக் கோச்சுகளில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஆட்டம் தெரிந்தவர்கள். ஆனால் ஒருவர் போட்ட செயினை (பிடிக்கிறவர்கள் கை கோத்து நிற்பது) அடுத்தவர் வந்து பிரித்து மறுபடி போட்டால், கார்னரில், அதாவது ஓரத்தில் நிற்கிற பையன் யார் குரலுக்குக் கால் வைப்பான்?

டெல்லி அணியைப் பாருங்கள். கிருஷன் ஹூடா 2018-ல் கோச்சாக வந்தார். 2019-ல் இறுதிப் போட்டியில் பெங்காலிடம் 34-39 என்று தோற்றார்கள். தோற்றவரை அனுப்பவில்லை. அடுத்த சீசனில், 2022 பிப்ரவரியில், பாட்னாவை 37-36 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள். ஒரு பாயின்ட் வித்தியாசம். மூன்று சீசன் ஒரே குரல் கேட்டுப் பழகிய அணிக்குத்தான் அந்த ஒரு பாயின்ட் கிடைக்கும்.

சரி, எப்படி எடுப்பது என்று கேட்பவர்களுக்கு. முதலில் நேரம். யாரைத் தக்க வைப்பது என்ற பட்டியல் போவதற்கு முன்பே கோச் உள்ளே வந்துவிட வேண்டும். பட்டியலை ஒருவர் கொடுத்து, ஏலத்தை இன்னொருவர் எடுத்து, முகாம் தொடங்கும் நாளில் மூன்றாவது ஆள் வந்து நின்றால், அவர் கேட்காத பிளேயர்களை வைத்து அவர் நம்பாத ஆட்டத்தை ஆட வேண்டி வரும். லெஃப்ட் கார்னருக்கு ஆள் இல்லாமல் நாலு ரைடர்களை வாங்கி வைத்திருக்கும் அணிகளை நாம் பார்த்ததில்லையா? அதற்குக் காரணம் இந்த வரிசை தப்பியதுதான்.

அடுத்தது, நேர்காணல் அறையில் டீயும் பிஸ்கட்டும் வைத்துப் பேசிப் பயனில்லை. வருகிறவர் கையில் போன சீசனின் மூன்று ஆட்டப் பதிவைக் கொடுங்கள். மறுநாள் வரச் சொல்லுங்கள். எந்தப் பிடியில் கவர் (கார்னருக்கு உள்பக்கம் நிற்பவன்) முன்னால் போய்க் கெடுத்தான், எந்த அட்வான்ஸ் டேக்கிள் (தானே முன்னேறிப் போய்ப் பிடிப்பது) ஆட்டத்தைத் திருப்பியது, எந்த நிமிடத்தில் ஆளை மாற்றியிருக்க வேண்டும், இதையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அவருக்கு முன்பின் தெரியாத ஏழு பையன்களை மேட்டில் நிறுத்தி ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். அவர் எவ்வளவு பேசுகிறார், பையன்கள் எத்தனை பிடி பிடிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது நிமிடம் பேசினார் என்றால் அவர் மேடைக்குப் போக வேண்டியவர்.

அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்வி. நாலு பாயின்ட் பின்தங்கியிருக்கிறோம், நாலு நிமிடம் இருக்கிறது, மேட்டில் மூன்று பேர்தான். எதிரணியின் முதல் ரைடர் டூ-ஆர்-டை ரைடுக்கு வருகிறான். டைம்-அவுட் 30 வினாடி. என்ன சொல்வீர்கள்? "தைரியமா இறங்கி அடிங்கடா" என்று சொன்னால் அங்கேயே கைகொடுத்து அனுப்பிவிடலாம். விவரம் தெரிந்தவர் சொல்வது இப்படி இருக்கும்: மூன்று பேர் இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கிற பாயின்ட் கிடையாது, அதற்கு ஆறு பேர் வேண்டும். அதனால் அவன் தொட்டே ஆக வேண்டும். தொடாமல் திரும்பினால் அவன் அவுட், நமக்கு ஒரு பாயின்ட். நேரம் நம்முடையது. இருபது வினாடி வரைக்கும் யாரும் கால் நகர்த்தாதே, கடைசி பத்து வினாடியில் அவனே உள்ளே வருவான், அப்போது கார்னர் காலைப் பிடி, கவர் பின்னாலேயே மூடு. பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயின்ட். இவ்வளவையும் முப்பது வினாடிக்குள், மூச்சு வாங்கி நிற்கிற பையன்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். கோச் வேலையின் சாரம் இதற்குள்ளேயே இருக்கிறது. இந்தியாவுக்கு ஆடியவர் என்பதற்காக இது தானாக வந்துவிடாது. பெரிய ரைடர்களில் நிறைய பேருக்குத் தான் எப்படித் தப்பினோம் என்றே சொல்லத் தெரியாது. உடம்பு செய்ததை வாயால் பிரித்துச் சொல்வது தனி வித்தை.

"பெரிய பிளேயர் வந்தாத்தான் பசங்க மதிப்பாங்க" என்று ஒரு வாதம் வரும். முதல் வாரம் மதிப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்ற பிறகு, ஏன் தோற்றோம் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் மதிப்பார்கள்.

"சீசன் நடுவுல மாத்தியும் ஜெயிச்சிருக்காங்களே, அஷன் குமார் வந்து செமி ஃபைனல் வரைக்கும் கொண்டு போகலையா?" கொண்டு போனார். 2022-ல் 2.26 கோடிக்கு எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு வெளியே போன சீசன் அது. புதுப் பையன் நரேந்தர் 243 ரைடு பாயின்ட் எடுத்தான். சாகர், சாஹில் குலியா என்று இரண்டு கார்னரும் நின்றது. அஷன் குமார் அதற்கு முன்பே லீக்கில் புனே அணியை நடத்தியவர். அவர் வேலை என்ன என்பது தெரிந்தே கூப்பிட்டார்கள். நான் சொல்வதும் அதைத்தானே?

ரக்பி பார்ப்பவர்களுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 2022 டிசம்பரில், உலகக் கோப்பைக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது, இங்கிலாந்து எடி ஜோன்ஸை அனுப்பிவிட்டு ஸ்டீவ் போர்த்விக்கை எடுத்தது. அவர் அந்த வருடம்தான் லெஸ்டர் அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தார். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 15-16 என்று தோற்று மூன்றாம் இடம் வந்தார்கள். அதே எடி ஜோன்ஸை ஆஸ்திரேலியா அடுத்த மாதமே கூப்பிட்டுக்கொண்டது, பெரிய பெயர் என்று. உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதல் முறையாக ஆஸ்திரேலியா குரூப் சுற்றோடு வெளியேறியது. இரண்டும் அவசர மாற்றம்தான். ஒன்று சமீபத்திய வேலையைப் பார்த்து நடந்தது, இன்னொன்று பெயரைப் பார்த்து நடந்தது.

அணி முதலாளி காசு, அவர் இஷ்டம் என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இனி அந்த மண், மேட் விஷயம். இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மண்ணில் வெறுங்கால். ரைடர் வேகமாக வந்து நின்று திரும்ப இரண்டு அடி எடுக்கும், கால் கொஞ்சம் புதையும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்வதால் ஒரே அடியில் திரும்பிவிடுவான். அதனால் மண்ணில் பழகிய கார்னர் மேட்டுக்கு வந்ததும் அரை அடி தாமதமாகப் போவான், கணுக்கால் கையில் வந்து நழுவும். மண்ணில் பாய்ந்தால் உடம்பு சறுக்கிக்கொண்டு போய்ச் சேரும். மேட்டில் சறுக்காது, முட்டித் தோல்தான் உரியும். இரண்டு நாள் தோல் உரிந்தால் பையன் தானாகவே பாயத் தயங்குவான். இவ்வளவுதான் வித்தியாசம். ரைடரின் எந்தக் காலில் உடம்புப் பாரம் இருக்கிறது என்று பார்த்து அந்தக் காலுக்குப் போகப் பழக்கினால், முட்டிக்கு உறை போட்டுத் தினமும் அறுபது பாய்ச்சல் கொடுத்தால், ஆறு வாரத்தில் சரியாகிவிடும். இதைச் சரிசெய்யத் தெரிந்தவர் யார்? மண்ணையும் தெரிந்து மேட்டையும் தெரிந்தவர். மேட் மட்டும் தெரிந்தவருக்குப் பையன் ஏன் தாமதமாகிறான் என்றே புரியாது, "ரிஃப்ளெக்ஸ் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பி வந்த பையன்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒருவன் இருக்கிறான்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு டிரில் மாஸ்டர். ரிட்டயர்டு ஆகிவிட்டார். செயின் பழக்க அவர் கையைக் கோக்கச் சொல்வதில்லை. கார்னரிடமும் கவரிடமும் ஒரு துண்டின் இரு முனையைக் கொடுத்துவிடுவார். துண்டு தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ரைடர் வரும்போது துண்டு விறைத்தால் விசில். யார் முன்னால் போனது என்று அவர் சொல்லமாட்டார், பையன்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "தம்பி, துண்டு பொய் சொல்லாதுடா" என்பார். பத்து நாளில் துண்டை வாங்கிவிடுவார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் கை கோத்தால் நடுவில் இழுபறி இருக்காது. இவரை எந்த அணியாவது உதவிக் கோச்சுக்காவது கூப்பிட்டு ஒரு மணி நேரம் பார்த்ததா? இல்லை.

"உங்க ஊர் ஆளுக்கு சிபாரிசு பண்றீங்க, கோட்டா கேக்குறீங்க" என்று கமென்ட் வரும், தெரியும். கோட்டா கேட்கவில்லை. கதவைத் திறந்து ஒரு மணி நேரம் பாருங்கள் என்கிறேன். பார்த்துவிட்டு ஹரியானாக்காரர்தான் சரி என்றால் அவரையே எடுங்கள், நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆனால் பார்க்காமலே தள்ளாதீர்கள். நாசிக்கின் கபடி கோச் ஷைலஜா ஜெயின் ஈரானுக்குப் போய், பாரசீகம் கற்றுக்கொண்டு, அந்த நாட்டுப் பெண்கள் அணியைப் பழக்கினார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் அவர்களிடம் 24-27 என்று தோற்றுத் தங்கத்தை விட்டார்கள். நம் ஊர் அறிவை நாம் பார்க்காவிட்டால் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

இது வெறும் பேச்சு இல்லை. திருச்சனம்பூண்டிச் சேரலாதன் 2016-ல் பாட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியவர். அவர் கால் முதலில் எந்த மண்ணில் நின்றது? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் வடுவூர்ப் பையன் இருந்தான். அவனுக்குக் காலை எப்படி வைப்பது என்று முதலில் சொல்லிக் கொடுத்தவர் வானத்திலிருந்து இறங்கி வந்தாரா? சம்பா அறுத்த வயலில் களிமண் வெடித்துக் கிடக்கும். அதைக் கொத்தி, சலித்து, ஆற்று மணல் கலந்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கோடு போட்டு, விடிய விடிய நிற்கிறார்கள். சம்பளம் இல்லை. பெட்ரோல் காசு கூட இல்லை. அவர்களைப் பார்த்து "செட் ஆகமாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்ல எப்படி மனசு வந்தது?

அந்த நேரலையில் பேசியவருக்கும், கோச் தேடுகிற யாருக்கும் சொல்கிறேன். அறுவடை முடிந்து தையிலும் மாசியிலும் மன்னார்குடி, வடுவூர், ஒரத்தநாடு சுற்றுவட்டாரத்தில் மின்னொளிப் போட்டிகள் தொடங்கிவிடும். நோட்டீஸை நானே போடுகிறேன். முதல் சுற்று பார்க்க வேண்டாம், கூட்டமும் மைக்கும்தான் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வாருங்கள், காலிறுதி நடக்கும். களத்துக்குப் பின்னால், டியூப்லைட் வெளிச்சம் பாதி விழுகிற இடத்தில், தோளில் துண்டோடு ஒருவர் தோற்ற அணியின் கார்னர் பையனுக்குக் காலைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் பக்கத்தில் நில்லுங்கள்.