நேர்த்தி வைத்துக் குடியை விடுகிறவருக்கு முதல் நாலு நாள், பிறகு வருகிற பின்னேரங்கள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு "இனித் தொடமாட்டன்" என்று நேர்த்தி வைத்துக் குடியை நிறுத்துகிற ஆக்கள் வன்னியில் நிறையப் பேர். அந்த மனத்தைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் பத்துப் பதினைந்து வருசம் நாள் தவறாமல் கசிப்போ சாராயமோ கண்ட உடம்புக்கு நேர்த்தி விளங்காது. திடீரென்று நிறுத்தினால் அது திருப்பி அடிக்கும். அறைக்குள் விட்டுப் பூட்டிவைத்து "கிடந்து தெளியட்டும்" என்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும்.

கடைசியாகக் குடித்து ஆறு எட்டு மணித்தியாலத்தில் கைநடுக்கம், வேர்வை, ஓங்காளம், நெஞ்சுப் படபடப்புத் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்குள் சிலருக்குக் காய்ச்சலோடு புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார்கள். சனம் அதைப் பேய் பிடித்தது என்று நினைத்துப் பார்வை பார்க்கக் கொண்டு போகும். அந்த நேரத்தில் உயிரே போகலாம். முன்பு ஒருதரம் வலிப்பு வந்தவர், விடிய எழும்பினதும் குடித்தால்தான் கை நிற்கும் என்கிறவர், இவர்கள் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளுக்குக் கொண்டு போங்கள். வழியில் வலிப்பு வந்தால் அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கள். வார்ட்டில் நடுக்கத்தை அடக்குகிற மருந்தைக் கொடுத்து ஒரு கிழமையளவில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. "களைப்பாக் கிடக்கு, ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ" என்று தனியார் டிஸ்பென்சரிக்குப் போவது இங்கே வழமை. நெடுங்காலம் குடித்தவரின் உடம்பில் தயமின் என்கிற விற்றமின் பி1 வற்றியிருக்கும். அது இல்லாமல் சேலைனோடு குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கிற தயமினும் செலவாகி மூளை பழுதாகலாம். கண் ஆடும், நடை தள்ளாடும், கதை குழம்பும். ஆகவே வெட்கப்படாமல் "இவர் நாள்தோறும் குடிக்கிறவர்" என்று டொக்டரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். தயமின் ஊசி போட வேண்டுமென்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாடுதான் மருந்தோடு மருந்து. தவிடு போகாத புழுங்கலரிசிச் சோறு, பயறு, கௌபி, உழுந்து, முட்டை, குளத்து மீன், முருங்கையிலை. பசியும் குடிக்கிற ஆசையும் ஒன்றுபோலத்தான் வரும். வேலை விட்டு வருகிற நேரத்தில், நாலரை ஐந்துக்கு, அவித்த பயறோ ஒரு கை கச்சானோ தேத்தண்ணியோடு கொடுத்துப் பாருங்கள். பாதி அரிப்பு அடங்கும். நித்திரை கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஒழுங்காக வராது. அதற்காகப் பார்மசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுத்தால் ஒன்றை விட்டு இன்னொன்றில் விழுத்தின மாதிரி.

போரில் கால் போனவர், உடம்பில் செல் துண்டோடு இருக்கிறவர் பலர் இராவலி தாங்காமல்தான் குடித்தார்கள். குடியை நிறுத்தினால் வலி முன்னுக்கு வரும், அதைக் கிளினிக்கில் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரல் கெட்டவருக்குப் பனடோல் ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம், அதையும் டொக்டரிடம் கேட்டே கொடுங்கள். டைக்லோபெனக் போன்ற வலிக்குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்கினால் வயிற்றில் இரத்தம் கசியும், சிறுநீரகமும் பழுதாகும். சீனி வருத்தக்காரர் மருந்தின் அளவைத் திரும்பப் பார்ப்பிக்க வேண்டும்.

குடியை வெறுக்கச் செய்கிற குளிசையைக் குழம்பில் ஒளித்துப் போடுகிற அக்காமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆற்றாமை விளங்குகிறது. ஆனால் குளிசை உள்ளே போனது தெரியாமல் அவர் சாராயம் குடித்தாரென்றால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, பிரசர் விழுந்து செத்தும் போகலாம். குளிசையை நிறுத்தி இரண்டு கிழமை வரைக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. அவர் அறிந்து, சம்மதித்து, டொக்டர் எழுதினால் மட்டும்தான்.

தூள் (ஹெரோயின்) பாவித்த பெடியளுக்குக் கணக்கு வேறு. சில கிழமை விட்டாலே உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறியலால் வந்தவனோ புனர்வாழ்வு முடித்து வந்தவனோ பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வீட்டார் இதை அவனுக்கு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

ஆபத்தான இடங்கள் தெரிந்தவைதான்: கூலி கைக்கு வருகிற பின்னேரம், காலபோக அறுவடைக் காசு, செத்தவீட்டு இராக் கடதாசி விளையாட்டு. அவரே சம்மதித்தால் கூலியை மனைவி கையில் கொடுக்கும்படி முதலாளியிடம் சொல்லுங்கள். செத்தவீட்டுக்குப் பகலில் போய் இருட்டுமுன் திரும்பட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களே, பாசத்தில் போத்தல் கொண்டு வராதீர்கள். அவரின் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுங்கள்.

ஒரு நாள் சறுக்கினாரா? அந்த இரவு சண்டை வேண்டாம். அடி விழுமென்றால் பிள்ளைகளோடு அயல் வீட்டுக்குப் போய்விடுங்கள். விடிந்ததும், கிளினிக் திகதி வரட்டுமென்று பார்க்காமல், மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போக வழியில்லாவிட்டால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துத் தமிழில் கதைக்க ஆள் கேளுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டாரென்றால் திரும்பவும் வீட்டில் வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், வார்ட்டுக்குத்தான்.