ஏசுவதென்றால் வீட்டையே கூப்பிட்டு ஏசுங்கள்

சீனி வருத்தம் பற்றி ஒரு ஐயா மண்டபத்தில் பேசிய அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். குடும்பக் குழுமம், பழைய மாணவர் குழுமம், கோயில் குழுமம் என்று எல்லா வழியாலும் வந்துவிட்டது. மைக் பிடித்த ஐயா முன்வரிசையில் இருந்த அம்மாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டி, “வாயைக் கட்டினா வருத்தம் வராது அம்மா” என்கிறார். மண்டபமே சிரிக்கிறது. அந்த அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறா. எனக்குக் கொதித்தது அந்த இடத்தில்தான்.

கொப்பியில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. யார் உழைக்கிறார், யார் குடிக்கிறார், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சீனி ரிப்போர்ட் வருகிறது. ஏசுவதென்றால் வீட்டையே கூப்பிட்டு ஏசுங்கள்.

என் பெரியம்மா மட்டக்களப்பில் மண்டூர்ப் பக்கம். மகள் குவைத்தில், பேரப்பிள்ளைகள் பெரியம்மாவின் பொறுப்பு. கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு விடியவே வெளிக்கிட்டு, பாதையில், அதுதான் வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ். திரும்பி வரும்போது உச்சி வெயில். வந்த கையோடு உலை வைக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவார்கள். அவ கோப்பையைக் கையில் எடுக்கும்போது மூன்று மணி தாண்டிவிடும். அதுவும் என்ன? சின்னவன் பிசைந்துவிட்டு மிச்சம் வைத்த சோறு. “கொட்டினாப் பாவம்கா” என்பா. மேலே ஒரு சீனித் தேத்தண்ணி. இதில் எந்த நேரத்தில் ஐயா வாயைக் கட்டுவது?

போன வருசம் விறகு பொறுக்கப் போய்க் காலில் முள் ஏறிப் புண்ணாகிவிட்டது. மருந்து கட்டினார்கள், ஆறவில்லை. சீனி ஒரு காரணம், ஓம். ஆனால் பொழுதுபட்டால் மருமகன் குவைத் காசில் குடித்துவிட்டு முற்றத்தில் நின்று தூசணம் கொட்டுவதை எந்தக் கொப்பியில் எழுதுவது? நான் கற்பனையில் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளக் காயம் உண்டாக்கிப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். பகையோடு கதைத்துக்கொள்ளும் சோடிகளின் காயம் மற்றவர்களுடைய வேகத்தில் 60 வீதம்தான் ஆறியது. அவர்கள் நல்ல சுகதேகிகள். பெரியம்மாவுக்கு வயசும் சீனியும் வேறு. மனம் பதறினால் கோர்ட்டிசோல் சுரந்து, ஈரல் சீனியை இரத்தத்தில் விடும். சோற்றைத் தொடாமலே சீனி ஏறும். மண்டபத்தில் ஏன் இதைச் சொல்லவில்லை? சொன்னால் சிரிப்பு வராது.

“அப்போ சாப்பாட்டுக் கட்டுப்பாடு வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். சோற்றைக் குறைக்கத்தான் வேண்டும், குளிசையை விடக்கூடாது. சரி, அது முடிந்தது.

“படித்தவர்களைக் கேவலப்படுத்துகிறாய்.” இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. எங்கள் பகுதி மிட்வைஃப் வெள்ளத்துக்குள்ளும் வந்து வாசலில் நிற்கிறவ. பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வந்தால் முதலில் புருசனைத்தான் தேடுவா. “தம்பி, நீங்களும் இதில இருங்க” என்று பாயில் இருத்திவிட்டுத்தான் கதையே தொடங்கும். அவவும் படித்தவதானே? அவவின் பேச்சை யாரும் வீடியோ எடுத்துப் போடவில்லை.

“ஆண்களும் பாவம், வயலில் மாடாக உழைக்கிறார்கள்.” பாவம்தான். பிந்தி வந்தாலும் அவர்களுக்குச் சோறு மூடி வைத்திருக்கும். அந்தப் பாவத்தை வேறொரு பதிவில் பார்ப்போம்.

வீட்டுக்கும் சுகத்துக்கும் தொடர்பு இருப்பது இலங்கை அரசாங்கத்துக்குத் தெரியாமலா இருந்தது? 2013இல் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற பெண்களிடம் மட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக்கூடாது. தகப்பன் தாராளமாகப் போகலாம், அவன் இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதாம். 2022இல் நாட்டில் டொலர் முடிந்ததும் அந்த அக்கறையும் தளர்ந்துபோனது. இடையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அம்மம்மாமாரின் பிரஷரை யார் அளந்தார்கள்?

குவைத்திலிருந்து மகள் வீடியோ கோல் எடுப்பா. “அம்மா, சீனி எவ்வளவு?” பெரியம்மா கொப்பியைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, “எல்லாம் நோமல் மகள், நீ சாப்பிட்டியா?” என்பா. காலைக் கமராவுக்குக் காட்டவே மாட்டா. தெரிந்தால் அங்கே அவளுக்கு நித்திரை வராது, அடுத்த நாள் அந்த வீட்டு வேலை ஓடாது. இதைத்தான் அந்த ஐயா “அலட்சியம்” என்று மைக்கில் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

கீழே வந்து “அக்கா, ஓவரா ஃபீல் பண்ணாதீங்க” என்று எழுதப் போகும் தம்பிமார், இன்றைக்கு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று அடுப்படியில் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். பதில் போடுகிறேன்.