செலினியம் தவறிப்போய் மட்டும் நுழைவதில்லை

"பாக்டீரியா புரதத்தில் செலினியம் இருந்தால், கந்தகத்துக்குப் பதில் தவறி நுழைந்தது என்றே பொருள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. செலினோமெத்தியோனின் (மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகத்தின் இடத்தில் செலினியம் உள்ள வடிவம்) அப்படி ஆள்மாறாட்டம் செய்து நுழைவதுண்டு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் செலினிய வடிவமான செலினோசிஸ்டீன் கதையே வேறு. அது புரதங்களைக் கட்டும் 21-வது அமினோ அமிலம், அதற்கென்றே தனி டிஆர்என்ஏ (அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் மூலக்கூறு) இருக்கிறது. அதில் முதலில் ஏறுவது செரின் என்ற வேறொரு அமினோ அமிலம். அப்புறம் அந்த டிஆர்என்ஏ மேலேயே அது செலினோசிஸ்டீனாக மாற்றப்படுகிறது. வழக்கமாக 'நிறுத்து' என்று பொருள்படும் யுஜிஏ என்ற மரபுக் குறியில், புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் நிற்காமல் இதைச் சேர்க்க, அந்தக் குறியை ஒட்டி வரும் எம்ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்முறையைச் சுமக்கும் இழை) மடிப்பும் செல்-பி என்ற புரதமும் வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவின் ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி இப்படித்தான் உருவாகிறது. அதில் செலினோசிஸ்டீன் இடத்தில் சிஸ்டீனை வைத்துப் பார்த்தார்கள்; நொதியின் வேகம் படுத்துவிட்டது.